பென்சில் சீவிய நேரம்

மேரிஃபெல்ட், மினசோட்டா
ஜூன் 12, 1994, ஞாயிறு

அன்புள்ள டுவேன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழுவினேன். அவருக்குக் கண் தெரியாமல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் கண்ணாடி இல்லாமல் ரேடியோ முன்னால் உட்கார மாட்டார். "கண்ணாடி போடாம ஆட்டத்தை எப்படிக் கேக்கிறது?" என்கிறார். அதனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டிவிடுகிறேன். பிறகுதான் காப்பி.

கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியதைவிட இப்போது மோசம். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். கோடை முடியும்வரை இருந்தால் பெரிய விஷயம் என்று என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பா உள்ளேயிருந்து, "எத்தன இன்னிங்ஸ் பாக்கின்னு சொல்றாரு?" என்று கேட்டார். காது மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் என் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். அம்மாவின் அறையில் படுத்துக்கொள்கிறேன். வாரம் மூன்று நாள் நோரீன் என்று ஒரு நர்ஸ் வருகிறாள். அயர்லாந்துக்காரி. பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாது. போன வாரம் ரேடியோவில் ட்வின்ஸ் அணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றியபடி கேட்டாள்:

"ஹிட்டுங்கிறாங்க, எர்ரர்ங்கிறாங்க. ரெண்டுலயும் அவன் ஓடிப்போய் நின்னுட்டான்ல? அப்புறம் என்ன வித்தியாசம்?"

"அடிச்சவன் தன் திறமையால போய் நின்னா ஹிட். புடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதால போய் நின்னா எர்ரர்."

"அத யாரு முடிவு பண்றது?"

"மேல ஒரு அறையில ஒருத்தன் பென்சிலோட உக்காந்திருப்பான். அவன்தான்."

"அவன் தப்பாச் சொல்லிட்டா?"

அப்பா மறுகையால் தடவி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நோரீன் இரத்த அழுத்தத்தை இரண்டாவது முறை பார்த்தாள்.

டுவேன், நான் வருடாவருடம் எழுதுவதுதான்: அப்பாவை மன்னித்துவிடு. ஆனால் இந்த முறை அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போ.

உன் தங்கை,
மார்லிஸ்


யூமா, அரிசோனா
ஜூன் 27

மார்லிஸ்,

கடிதம் கிடைத்தது. இங்கே நூற்றுப் பதினான்கு டிகிரி. லெட்டூஸ் கீரைக் கிடங்குகளில் குளிர்சாதனம் எல்லாம் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. அதைச் சரி செய்பவன் நான் ஒருவன்தான். அதனால் தாமதம்.

அவர் உடம்பு இப்படி ஆனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அதை நம்பு.

ஆனால் இருபத்தேழு வருடமாக என் முகவரி அவருக்குத் தெரியும். அவர் ஒரு வரி எழுதியதில்லை. நீதான் எழுதுகிறாய். நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. 1967 ஆகஸ்ட் இருபது, ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒன்றுக்குப் பூஜ்யம் நாம் முன்னால், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன்தான் பாக்கி. பந்து வீசியது நான்; அதுவரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. பெரிய அணியிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஆள் மூன்றாவது வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். நம் அணி எல்டனின் கையுறைக்குள் போய் வெளியே விழுந்த பந்தை ஊரே பார்த்தது. அது எர்ரர். மேலே ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அவர் ஹிட் என்றார். அடுத்த பந்தை நான் எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அடுத்தவன் அடித்த அடியில் அது வேலியைத் தாண்டிச் சோளத்துக்குள் போய் விழுந்தது. தொப்பிக்காரன் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போனான். அடுத்த திங்கட்கிழமை நான் ராணுவத்தில் கையெழுத்துப் போட்டேன். அங்கே தோளில் அடிபட்டு, அதோடு பந்து வீச்சு முடிந்தது உனக்குத் தெரியும்.

எர்ரர் என்று சொல்லியிருந்தாலும் அடுத்தவன் அடித்திருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை.

அன்று அந்த அறையில் என்ன நடந்தது என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். ஒரே வாக்கியம். அவர் சொல்லச் சொல்ல நீ எழுதி அனுப்பு. அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

டுவேன்


மேரிஃபெல்ட்
ஜூலை 17, 1994

அன்புள்ள டுவேன்,

கேட்டேன். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டேன். ட்வின்ஸ் ஜெயித்திருந்தது, அவர் அரைக் கிண்ணம் சூப் குடித்திருந்தார், வெளியே மழை விட்டிருந்தது.

"டுவேன் அந்த ஆட்டத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கிறான், அப்பா. சொல்லிட்டா வந்துடுவானாம்."

"கையெழுத்துப் போட்டாச்சு, மார்லி."

"இருபத்தேழு வருஷம் ஆச்சுப்பா."

"மாத்தணும்னா ஒரு நாள் டைம் இருந்துச்சு. போயிருச்சு. கையெழுத்துக்கு அப்புறம் அது அடிச்சவனோடது. என்னோடது இல்ல."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்கு அவரைத் தெரியும். வெண்ணெய் ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஸ்கோர் எழுதும் லியாண்டர்' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் பக்கத்துக்கும் அடியில் அந்தக் கையெழுத்து.

இன்னொரு செய்தி. உனக்குப் பிடிக்காது, ஆனாலும் மறைக்க மாட்டேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹார்லன் ஷ்மிட்ஸ், ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார். மைதானத்தில் பழைய ஸ்கோர் அறையை இடித்துவிட்டு, ஏணிக்குப் பதில் படி வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம். அடுத்த மே மாதம் திறப்பு. அப்பா பெயரை வைக்கப் போகிறார்கள். கதவில் பித்தளைப் பலகை. வாசகத்தை ஹார்லன் படித்துக் காட்டினார்: 'லியாண்டர் தெய்சன். சொந்த மகன் பந்து வீசிய நாளிலும் கண்டதையே எழுதினார்.'

அன்று எர்ரர் என்றவர்கள்கூட இப்போது அது ஹிட்தான் என்கிறார்கள்; அந்த ஆட்டம்தான் இப்போது ஊருக்குப் பெருமை, டுவேன். உனக்குத் தெரியாது. பீர்க் கடையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். பாதிரியார் ஒரு முறை பிரசங்கத்தில்கூடச் சொன்னார்.

அப்பா கேட்டுவிட்டு, "பலகை எல்லாம் எதுக்கு ஹார்லன்? அந்தக் காசுக்கு வேலிக்குப் பெயின்ட் அடிங்க," என்றார். ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

நம் ஊர் அணி இந்த வருடம் மகா மோசம். மாதம் முடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். மழையால் சோளம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

உன் தங்கை,
மார்லிஸ்


யூமா
ஆகஸ்ட் 6

மார்லிஸ்,

'கண்டதையே எழுதினார்.' அதை நான் நான்கு முறை படித்தேன்.

கோபத்தில் உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால் இது இரண்டாவது. இதில் வேறு விஷயம் எழுதுகிறேன்.

என் பெண் டிரினாவுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. அவள் அம்மாவோடு இருந்தாலும் சனிக்கிழமை எனக்கு. பெண்கள் அணியில் ஆடுகிறாள், இரண்டாம் பேஸைக் காப்பவள். அங்கே ஸ்கோர் எழுத யாருக்கும் தெரியவில்லை. ஒரு அம்மா ஸ்மைலி படம் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் நானே புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். மூன்று வருடமாக நான்தான். அப்பா போடுவது போலவே அவுட்டுக்கு வட்டம் போடுகிறேன். கை அப்படியே வருகிறது.

போன சனிக்கிழமை டிரினா ஒரு பந்தைத் தட்டினாள். நேராக எதிரணிப் பெண்ணின் கைக்குப் போயிற்று. அவள் கீழே போட்டுவிட்டாள். டிரினா பேஸில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பருவத்தில் அவள் ஒன்றுமே அடித்திருக்கவில்லை. நான் ஹிட் என்று போட்டேன்.

அது எர்ரர், மார்லிஸ். எனக்குத் தெரியும். கை போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை.

இதை அவரிடம் சொல்லாதே.

டுவேன்


மேரிஃபெல்ட்
ஆகஸ்ட் 18, 1994

அன்புள்ள டுவேன்,

அவரிடம் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தை என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

பெரிய அணிகளில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரம் ஆகப்போகிறது, ரேடியோவில் ஆட்டமே இல்லை. ஆட்டக்காரர்கள் பெரிய மனிதர்கள், முதலாளிகள் இன்னும் பெரிய மனிதர்கள். இரண்டு பக்கமும் இறங்கி வரமாட்டார்களாம். முதல் நாள் மாலை அப்பா வழக்கம்போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோவில் யாரோ பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "மழையால நிறுத்தியிருப்பாங்க," என்றார். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளும். நோரீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஆட்டத்துக்கு ஏதாவது பண்ணு, இல்லன்னா மனுஷன் போயிடுவாரு," என்றாள்.

மாடிக்குப் போய் அவருடைய பழைய ஸ்கோர் புத்தகங்களை இறக்கி வந்தேன். முப்பத்தெட்டு வருடம், முப்பத்தெட்டுப் புத்தகம். ரேடியோ பக்கத்தில் நாற்காலி போட்டு, நானே ரேடியோ ஆனேன். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, பந்து எங்கே போயிற்று, யார் பிடித்தார் என்று சொன்னேன். காற்று எப்படி என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். முதலில் 1958, ஜூன். அப்பா கையை நாற்காலியின் கையில் தட்டினார்.

"யாரு அடிக்க வரான்?"

"ஆம்பிரோஸ் லூக்கன்."

"அவனா? அவன் பீர் குடிக்கவே பிறந்தவன். மூணு பந்துல போயிடுவான் பாரு."

மூன்று பந்தில்தான் போயிருந்தான். அப்பா சிரித்தார். சூப் குடித்தார். இப்போது தினமும் இரண்டு மூன்று ஆட்டம், வருடத்துக்கு ஒன்றாக. நோரீன்கூட வந்ததும், "நேத்து யாரு ஜெயிச்சா?" என்கிறாள். "1961ல எதிரணி," என்று அப்பா பதில் சொல்கிறார், வருத்தமாக.

முடிவு எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் கடைசி அவுட் வரை சொல்லமாட்டார்.

நேற்று 1966 முடிந்தது. "அறுபத்தேழு எங்க?" என்றார். தொண்டை கட்டிவிட்டது, நாளைக்கு என்றேன். இன்றும் அதையே சொன்னேன்.

உன் தங்கை,
மார்லிஸ்


யூமா
ஆகஸ்ட் 25

மார்லிஸ்,

வருகிறேன்.

செப்டம்பர் 10, சனி. செயின்ட் கிளவுட் பஸ் நிலையம், மாலை 4:40. ராணுவத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து நான் விமானம் ஏறுவதில்லை, அதனால் இரண்டரை நாள் பஸ். கூட்டிப்போக வா. எனக்கு முடி கொட்டிவிட்டது, அதை முன்பே சொல்லிவிடுகிறேன். தொப்பி போட்டிருப்பேன்.

அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த மூன்று வாரமாக டிரினாவின் அந்தக் கட்டத்தைத்தான் யோசிக்கிறேன். மேலே உட்கார்ந்து பென்சில் பிடித்தால் கை என்ன செய்யும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. எனக்குக் கை ஒரு பக்கம் போயிற்று, அவருக்கு மறுபக்கம் போயிற்று. அவ்வளவுதானோ என்னவோ.

டிரினாவுக்கு நான் போட்ட ஹிட்டைப் பற்றி நானே அவரிடம் சொல்கிறேன். திட்டட்டும். அவர் திட்டிக் கேட்டு நாளாயிற்று.

அறுபத்தேழை நான் வரும்வரை வாசிக்காதே. நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

டுவேன்


மேரிஃபெல்ட்
ஆகஸ்ட் 31, 1994

அன்புள்ள டுவேன்,

உன் கடிதத்தை, டிரினா விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்தேன். அழுதார். முகம் துடைத்துவிட்டேன். பிறகு கேட்டார்: "அவன் கேட்டா என்ன சொல்லுவ?"

"எதைக் கேட்டா?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் பாத்தேன்னே சொல்லு. நீயும் அப்படித்தான் சொல்லணும்."

மூன்று நாளாக நான் தூங்கவில்லை. நீ இந்த அறைக்கு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் கை மறுபக்கம் போயிற்று' என்று சொல்லி மன்னிக்கப் போகிறாய். அவர் செய்யாததை மன்னிக்கப் போகிறாய். நான் பக்கத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பேன். என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். எப்படி ஆரம்பித்தாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது; நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டு அவுட் ஆனதும் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். பென்சில் மழுங்கிக்கூட இருக்கவில்லை. உன் கடைசி அவுட்டைக் கூர்மையான முனையால் எழுத வேண்டும் என்று ஆசை. சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தியால், தலையைக் குனிந்து, மெதுவாகச் சீவிக்கொண்டிருந்தார். கூட்டம் ஓ என்றது. அவர் நிமிர்ந்தபோது பந்து புல்லில் கிடந்தது, ஓடியவன் பேஸில் நின்றுகொண்டிருந்தான்.

ஸ்கோர் அறையில் அவர் பக்கத்தில் நான்; மைக் என் முன்னால் இருந்தது. அந்தக் கோடை முழுக்க நான்தானே அறிவிப்பு. அவர் என் பக்கம் குனிந்து, "என்னடி ஆச்சு?" என்றார்.

நான் பார்த்தேன். கையுறைக்குள் போயிற்று, வெளியே விழுந்தது. எல்டன் குனிந்து அதைத் தேடினான். அவன் காது சிவந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. அப்போது அவனும் நானும் பேசத் தொடங்கி ஐந்து வாரம். எனக்குப் பத்தொன்பது வயது. எர்ரர் என்று அவன் பெயரை நான் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க, தொப்பிக்காரன் முன்னால்.

"ஹிட்," என்றேன் அப்பாவிடம். "எல்டனால புடிச்சிருக்கவே முடியாது."

அவர் எழுதினார். நான் அறிவித்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

அன்று இரவு ஊரே அவரிடம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாற்ற ஒரு நாள் இருந்தது. திங்கட்கிழமை மாலை வரை. நான் திங்கட்கிழமை எல்டனோடு ஆற்றுக்குப் போயிருந்தேன்.

அந்த எல்டனோடு நான் பதினொரு வருடம் குடித்தனம் நடத்தி, அவன் பௌலிங் குழுவில் இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டு போனதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அவனுக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

அப்பா ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நேற்று கேட்டேன். "உன்னக் காப்பாத்தன்னு நினைக்காத," என்றார். "ஸ்கோர் எழுதறவன் பந்தப் பாக்கலன்னு எப்படிச் சொல்றது? முப்பத்தெட்டு வருஷத்துல அந்த ஒரு பந்து. அத விட்டுட்டேன்னா மத்ததெல்லாம் எவன் நம்புவான்?" கொஞ்ச நேரம் கழித்து, "நான் போன பிறகும் சொல்லாத, மார்லி," என்றார். சொல்லமாட்டேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

வா, டுவேன். என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் மட்டும் பேசு. நான் பஸ் நிலையத்தில் இருப்பேன்.

மார்லிஸ்


மேரிஃபெல்ட்
செப்டம்பர் 15, 1994

டுவேன்,

அப்பா நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு இறந்துவிட்டார். நீ கொடுத்த தொலைபேசி எண்ணில் நான்கு முறை கூப்பிட்டேன். அடக்கம் சனிக்கிழமை காலை பத்து மணி, அம்மாவுக்குப் பக்கத்தில்.

பத்தாம் தேதி பஸ் ஐந்தே காலுக்கு வந்தது. தொப்பி போட்டவர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள், நீ இல்லை. அடுத்த பஸ் வரையும் இருந்தேன். வீட்டுக்குத் தனியாக வந்தபோது, "பஸ் லேட்டா?" என்றார். ஆமாம் என்றேன். பதினொன்றாம் தேதியும் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

அறுபத்தேழை நான் வாசிக்கவில்லை. நீ சொன்னபடி வைத்திருந்தேன்.

நேற்றுதான் இந்த வருடத்துக்கு இனி ஆட்டமே கிடையாது என்று ரேடியோவில் அறிவித்தார்கள். அது அவர் போய் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. கண்ணாடியோடுதான் இருந்தார்.

மார்லிஸ்


யூமா
அக்டோபர் 9

மார்லிஸ்,

டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்தது. செப்டம்பர் ஏழாம் தேதி உன் அந்தக் கடிதம் வந்தது. பஸ் நிலையம் வரை போனேன். பஸ் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஏன் ஏறவில்லை என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

அவர் பார்க்கவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். பந்து வெளியே விழுந்ததும் நான் மேலேதான் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. கத்தி மினுங்கியது. பிறகு நிமிர்ந்தார், பிறகு உன் குரல். பார்க்காமலேயே எனக்கு எதிராகச் சொன்னார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மையானவன் என்று பெயர் வாங்குவதற்காக. 'நான் பார்க்கல' என்ற ஒரு வாக்கியத்துக்காகத்தான் இருபத்தேழு வருடம் காத்திருந்தேன். நீ என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நீ 'அப்பாவை மன்னித்துவிடு' என்றுதான் எழுதினாய்.

உன் கிறிஸ்துமஸ் அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்து எண்ணினேன். ஒவ்வொன்றிலும் அந்த வரி இருக்கிறது. நீ சொன்னதற்கு அவரை மன்னிக்கச் சொல்லி, என்னிடம், உன் கையால்.

பத்தொன்பது வயதில் நீ சொன்னதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் டிரினாவுக்கு அதைத்தான் செய்தேன். அதற்குப் பிறகான அட்டைகள்தான் முடியவில்லை.

மே மாதம் பலகை திறக்கும்போது உன்னைப் பேசச் சொல்வார்கள். மகள் நீதானே. அன்று அந்த ஒலிபெருக்கியில் நடந்ததைச் சொல். ஊர் கேட்கச் சொல். சொன்னாய் என்று ஒரு வரி வந்தால் நானும் டிரினாவும் வருகிறோம். அவர் கல்லறைக்குப் போகிறோம், உன் வீட்டில் சாப்பிடுகிறோம். இல்லையென்றால் எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. படிக்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

டுவேன்


மேரிஃபெல்ட்
ஏப்ரல் 23, 1995, ஞாயிறு

அன்புள்ள டுவேன்,

இன்று காலை எழுந்ததும் அப்பாவின் கண்ணாடியைக் கழுவினேன். ஏழு மாதமாக யாரும் போடாத கண்ணாடி, அழுக்கே இல்லை. ஆனாலும் சோப்புப் போட்டேன். பிறகுதான் காப்பி.

பிறகு அறுபத்தேழை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். முதல் முறையாக. எட்டு இன்னிங்ஸும் அவுட் வட்டங்கள் சாம்பலாக, கொஞ்சம் தடித்த கோட்டில். ஒன்பதாவதில் இரண்டு வட்டம் அப்படியே. அதற்கு அடுத்த கட்டத்தில் கோடு திடீரென்று மெல்லியதாக, கறுப்பாக இருக்கிறது. கூர்மையாகச் சீவிய பென்சில். உன் கடைசி அவுட்டுக்காகச் சீவியது. அந்த முனையால்தான் என் ஹிட்டை எழுதியிருக்கிறார். பக்கத்தின் அடியில் கையெழுத்தும் அதே முனையில்.

மே ஏழாம் தேதி திறப்பு. அறை அழகாக வந்திருக்கிறது. ஹார்லன் என்னை வந்து அழைத்தார். "ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும் மார்லிஸ், அந்த ஆட்டத்தப் பத்திச் சொல்லு, நீதானே கூட இருந்த," என்றார். இந்த வாரம் ட்வின்ஸும் மறுபடி ஆட வருகிறார்கள். ஆட்களுக்குக் கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் கேட்பார்கள்.

எல்டன் வந்தான். வாசலிலேயே நின்றான். விதைச் சோளக் கம்பெனித் தொப்பி, வயிறு வேறு வைத்துவிட்டது.

"திறப்புக்கு நானும் வரேன். என் வீட்டுக்காரி டோனாவும் வரா. உனக்குப் பரவாயில்லல்ல?"

"மைதானம் என்னோடதா? வாங்க."

"ஒண்ணு சொல்லணும் மார்லி. அந்தப் பந்து... அது என் கையில வந்து விழுந்ததுதான். புடிச்சிருக்கணும். எனக்குத் தெரியும். உங்கப்பா அத ஹிட்டுன்னு போட்டாரு. சொந்தப் பையன் ஆட்டம், இருந்தும் என்னக் காட்டிக் குடுக்கல. அவரு மாதிரி ஆளு இனி கிடையாது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே இந்த மனிதனுக்காக நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. அதையும் அப்பாவின் கணக்கில் வைத்திருக்கிறான். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

குளிர்காலம் முழுக்க நான் பேச்சை எழுதினேன், டுவேன். எழுதி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். 'அவர் பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன்.' இரண்டு வாக்கியம். நான் இருபது வருடமாக வகுப்பில் நின்று பேசுகிறவள், இரண்டு வாக்கியம் பேசத் தெரியாதா. இரண்டாவதைச் சொல்ல எனக்குப் பயம் இல்லை. அதைச் சொன்னால் எனக்கு நல்லதுதான். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியவில்லை. எப்படி மாற்றி எழுதினாலும் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடம் ஒரு முறை சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் சொன்னேன். அதனால் நீ வரவில்லை. அவர் பஸ் லேட்டா என்று கேட்டார். அவருக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

உனக்கு டிரினா இருக்கிறாள். அவள் சனிக்கிழமைகளில் உன்னைத் திரும்பிப் பார்க்கிறாள். அவருக்கு அந்தப் பலகை மட்டும்தான், அதிலும் இருப்பது பொய். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரியும். ஆனால் வைத்துப் பார்த்துவிட்டேன்.

உறையில் உன் முகவரியை எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டவில்லை. நீ படிக்க முடியாது என்றாய். அதனால் இதை அனுப்புவேனா என்று தெரியவில்லை.

மே ஏழாம் தேதி நீலச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். புதுப் படியில் ஏறுவேன். மைக்கைக் கையில் வாங்கி, பலகையில் இருப்பதை அப்படியே வாசிப்பேன். ஒன்பதாவது இன்னிங்ஸைச் சொல்வேன். எல்டன் கீழே தொப்பியைக் கழற்றுவான். அந்தப் பந்து ஹிட்டா எர்ரரா என்று அவர்கள் கேட்பார்கள், நான் மறுபடியும் ஹிட் என்றே சொல்வேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் தங்கை,
மார்லிஸ்